கடையைப் பூட்டிய நாளில் ஏன் திருடியவன் மாதிரி இருக்கிறது?

கேள்வி: 12 ஜனவரி 2025

அக்கா, ஓசூரில் கணினி சொல்படி உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின் இரண்டு போட்டு, கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்துதரும் ஜாப் ஒர்க் பார்க்கிறேன். மூன்று வருஷம் ஆகிறது. போன ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனேன். படி ஏறும்போதே மனசெல்லாம் ஷெட்டில்தான். பூட்டின ஷட்டர் கண்முன்னே வந்து நிற்கிறது. எதையோ திருடிவிட்டு ஓடிவந்தவன் மாதிரி இருந்தது. மத்தியானமே திரும்பிவிட்டேன். ஷெட்டைத் திறந்து சும்மா உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. உடையவன் பாராத பயிர் உருப்படாது என்று அப்பா சொல்வார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. லீவு, ஓய்வு எல்லாம் சம்பளத்துக்குப் போகிறவர்கள் பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

12 ஜனவரி 2025, ஞாயிறு இரவு

தம்பி, மதியமே பார்த்துவிட்டேன். "அதெல்லாம் தப்பு, ஓய்வெடுங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுத மனசு வரவில்லை. அந்தத் திருட்டு உணர்வோடு ஐந்து வருஷம் இருந்தவள் நான்.

மதுரை பழங்காநத்தத்தில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். 2018ல் வீட்டுக் கிரைண்டரில் ஆரம்பித்தது. இப்போது 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் மூன்று, என்னோடு சேர்த்து ஐந்து பேர், நாளைக்கு 150 கிலோ மாவு. உங்கள் மெஷினைப் பூட்டினால் அது பூட்டியபடி நிற்கும். மாவு அப்படி நிற்காது. ராத்திரி பத்து மணிக்கு அரிசியை ஊறப்போட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு அரைத்தே ஆக வேண்டும், ஆறு மணிக்குள் அண்ணாச்சி கடைகளுக்குப் பாக்கெட் போய்ச் சேர வேண்டும். அதனால் 2023 கடைசி வரை நான் எழுந்தது இரண்டரைக்கு. படுத்தது பத்தரைக்கு. நடுவில் மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்வேன். அதற்கும் வெட்கப்பட்டுக்கொண்டு, யாராவது போன் செய்தால் தூங்காத குரலில் பேசுவேன்.

அந்தத் தூங்காத குரலை இப்போது நினைத்தால்தான் உறுத்துகிறது. இரண்டரைக்கு எழுந்தவள் மத்தியானம் தூங்கினால் அதில் மறைக்க என்ன இருக்கிறது? யாரிடம் மறைத்தேன்? கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கேட்கவில்லை. நானேதான் எனக்கு மேஸ்திரியாக நின்றிருக்கிறேன்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். அரிசி ஊறப்போடும் நேரம்.

13 ஜனவரி 2025

வாரம் 90 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் சொன்னதைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2023ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 70 என்றார், இப்போது 90. அந்தக் காலத்து என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சமையல், சாப்பாடு, குளியல் எல்லாம் கழித்து நாளைக்குப் பதினாறு மணி நேரம், ஏழு நாள், 112. ஆக, 90ஐத் தாண்டி வேலை பார்த்த ஒருத்தி என்ற முறையில் பேச எனக்கு உரிமை உண்டு. அந்த 112 மணி நேரம் எனக்கு என்ன தந்தது என்பதை ஒரு உப்புக் கதையாகத்தான் சொல்ல முடியும். பொங்கல் ஆர்டர் முடியட்டும்.

15 ஜனவரி 2025, மாட்டுப் பொங்கல்

உப்புக் கதைக்கு முன்னால் தம்பி சொன்ன பழமொழி. ராத்திரி முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடியது.

என் அப்பா மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தார். உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பதை அவரும் சொல்வார், தினம் ஒரு தடவையாவது. ஆனால் அவர் பார்த்த விதம் வேறு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வரப்பில் ஒரு சுற்று. மடை சரியாக இருக்கிறதா, நண்டு வளை போட்டிருக்கிறதா, இலையில் சுருட்டல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். சாயங்காலம் இன்னொரு சுற்று. நடுவில் திண்ணையில் துண்டை விரித்துப் படுப்பார். யார் வந்தாலும் எழ மாட்டார். அறுப்பு முடிந்தால் கோடை உழவு ஒன்று போட்டு நிலத்தை ஆறப்போட்டுவிடுவார். ஆறப்போட்ட நிலத்தில் நின்று எதைப் பார்ப்பது?

பழமொழி பார்க்கச் சொல்கிறது. நானும் தம்பியும் அங்கேயே நிற்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டோம். பார்ப்பதற்குத் தெளிந்த கண் வேண்டும். நிற்பதற்குக் கால் இருந்தால் போதும்.

இன்று மாடு நினைவு வேறு. அப்பாவிடம் இருந்த ஜோடியில் ஒன்றுக்கு ஒரு வருஷம் நுகத்தடி உரசிக் கழுத்தில் புண். உழவு நேரம், பக்கத்து நிலமெல்லாம் சேறு கலக்கியாயிற்று. அப்பா மாட்டைப் பூட்டவில்லை. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கோழி இறகால் தடவிக்கொண்டே இருந்தார். ஈ உட்காராமல் துணி போட்டிருந்தார். "இரவல் மாடு வாங்கியாவது உழுதுவிடு" என்று அம்மா சத்தம் போட்டார். நான்கு நாள் பிந்தித்தான் உழுதோம். புண் மாட்டைப் பூட்டினால் ஒரு சால் ஒழுங்காகப் போகாது, அதோடு மாடும் போய்விடும் என்பார். அது அவருக்கு இரக்கம் மட்டும் இல்லை, கணக்கும்கூட. அந்தக் கணக்கை எனக்கு நான் போட்டுக்கொள்ள 38 வயது ஆனது.

19 ஜனவரி 2025, ஞாயிறு

உப்பு.

எங்கள் இடத்தில் ஒரு எவர்சில்வர் உப்பு டப்பா, அதற்குள் ஒரு டம்ளர். 40 கிலோ மாவு கொள்ளும் அண்டாவுக்குத் தலைதட்டி இரண்டு டம்ளர் கல் உப்பு, கரைத்து ஊற்ற வேண்டும். அரைப்பது, வழிப்பது, பாக்கெட் போடுவது, சீல் வைப்பது எல்லாம் மற்றவர்கள் செய்வார்கள். உப்பு மட்டும் நான். பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அம்மா ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருக்கிறார், கல்யாண வீடுகளில் நூறு பேருக்குச் சமைத்த கை. அவரைக்கூட விடவில்லை. உப்பில்தான் ருசி, ருசியில்தான் பேர், பேர் என்னுடையது. இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2023 மார்கழி. அய்யப்ப பக்தர்கள், முருகனுக்கு மாலை போட்டவர்கள், எல்லா வீட்டிலும் ராத்திரி டிபன். ஆர்டர் கூடியிருந்தது. பதினோரு நாள் தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. ஒரு விடியற்காலை இரண்டாவது அண்டாவுக்கு உப்புக் கரைத்து ஊற்றினேன். போன் வந்தது, பேசினேன். திரும்பி வந்து அதே அண்டாவுக்கு மறுபடி இரண்டு டம்ளர். பெரியக்கா மூன்றாவது கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்தது எனக்கும் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டரைக்கு முதல் போன். ஒன்பதரைக்குள் ஏழு போன். பத்து மணிக்கு எஸ்.எஸ். காலனி அண்ணாச்சி கடையிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். போனேன். ஒரு பாட்டி கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் டிபன் பாக்ஸ். திறந்து காட்டினார், நாலு இட்லி, ஒன்றில் மட்டும் ஒரு விள்ளல் குறைந்திருந்தது. "பேரப்புள்ள பரிச்சைக்குப் போறான்மா, காலைல ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பிட்டான். பட்டினியாப் போயிட்டான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

40 பாக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாலையில் பெரியக்காவிடம் "பார்த்தீங்களே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நீதான் உப்புப் பக்கம் யாரையும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கியே. நீ போடுறது ஒரு கணக்காத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

தம்பி, இதை நிதானமாகப் படியுங்கள். நான் அங்கே இருந்தேன். உடையவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் எனக்கு மேல் அனுபவம் உள்ள ஒருவர் தப்பைக் கண்ணால் பார்த்தார். நான் வைத்த கட்டளையால் அவர் வாய் மூடியிருந்தது. நான் வீட்டில் தூங்கியிருந்தால் அந்தப் பையன் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போயிருப்பான்.

21 ஜனவரி 2025

உப்புப் போடாத இன்னொரு அண்டா மாவைக் கலந்திருந்தால் சரியாகியிருக்குமே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆகியிருக்கும். அதற்கு, தப்பு நடந்தது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அன்று முதல் தடவை ஊற்றியதும் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு பார்க்கவில்லை. பார்த்தாயிற்று என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

26 ஜனவரி 2025, ஞாயிறு

ஓசூர்த் தம்பி நீண்ட பதில் போட்டிருக்கிறார். "ஒரு தடவை உப்புக் கூடியதை வைத்து உழைப்பையே தப்பு என்று சொல்ல முடியாது" என்கிறார். நியாயம். ஒரு அண்டாவை வைத்து முடிவு கட்டக் கூடாது. உப்புக்குப் பிறகு நான் தேடிப் படித்ததில் மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலைகளில் இரவு பகலாக வேலை நடந்தது. வேலை பார்த்தவர்களில் பெண்கள் ஏராளம். இத்தனை மணி நேரம் வாங்கினால் ஆள் தாங்குமா என்று பார்க்க 1915ல் அரசாங்கமே ஒரு குழு போட்டது. அந்தக் குழு எடுத்து வைத்த கணக்கை நூறு வருஷம் கழித்து ஸ்டான்போர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்காவெல் எடுத்து அலசினார். வாரம் 50 மணி நேரத்துக்குள் இருக்கும்வரை நேரத்தைக் கூட்டினால் உற்பத்தியும் கூடியது. அதைத் தாண்டினால் கூடுவது குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரம் பார்த்த வாரத்துக்கும் 56 மணி நேரம் பார்த்த வாரத்துக்கும் உற்பத்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. பதினான்கு மணி நேரம் அப்படியே தண்ணீரில் போனது. நாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நின்றவர்கள் அவர்கள். மனசு இல்லாமல் இல்லை. உடம்புக்கு ஒரு அளவு இருக்கிறது.

இன்னொன்று இதைவிடப் பயமுறுத்தியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் எப்படித் தடுமாறுகின்றன என்று 1997ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்கு அது சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்த உச்சவரம்பு 0.03. இரண்டரைக்கு எழுந்தவளுக்கு 17 மணி நேரம் எப்போது முடியும்? ராத்திரி ஏழரைக்கு. கோச்சடைக் கடைகளில் வசூலுக்கு நான் ஸ்கூட்டி எடுப்பது எட்டு மணிக்கு. மத்தியானத் தூக்கத்தைக் கழித்தாலும் பெரிதாக மாறாது.

அப்படி ஒரு ராத்திரி காளவாசல் சிக்னலில் நின்றேன். பாலத்துக்குக் கீழே. பச்சை விழுந்தது. எனக்குத் தெரியாது. இரண்டு காலும் தரையில், கை ஹேண்டில் பாரில், கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன். பின்னால் ஹாரன் சத்தத்தில்தான் முழித்தேன். பின் சீட்டில் என் மகள், டியூஷன் பை மடியில். "அம்மா, போலாம்மா" என்று என் இடுப்பைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் குடித்ததில்லை. ஆனாலும் அந்த நிலையில்தான் பிள்ளையை வண்டியில் ஏற்றியிருக்கிறேன். இதை எழுதக் கை நடுங்குகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வையும் படித்தேன். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் வேலை, பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நேரமாகிவிட்டது, விரிவாக அப்புறம்.

4 பிப்ரவரி 2025

போன குறிப்பின் கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். நூற்றில் 35 பேருக்குப் பக்கவாதம் வரும் என்று சிலர் புரிந்துகொண்டு பயந்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. வாரம் 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களுக்கு இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் 55க்கு மேல் பார்ப்பவர்களுக்கு அது 35 சதவீதம் கூடுதல். அதற்காகச் சின்ன விஷயமும் இல்லை. நீண்ட நேர வேலையால் 2016ல் மட்டும் உலகம் முழுவதும் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்ததாக அதே ஆய்வு கணக்கிடுகிறது.

2 மார்ச் 2025, ஞாயிறு

"கடன் இல்லாதவர்கள் ஓய்வைப் பற்றிப் பேசலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இத்தனை பதிலிலும் இதுதான் என்னைச் சுட்டது.

கடன் எனக்கும் இருந்தது. இரண்டாவது கிரைண்டர் மகளிர் குழுக் கடன், மூன்றாவது வங்கிக் கடன், நடுவில் அவசரத்துக்குத் தண்டல். தண்டல்காரர் தினம் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தும்போது நாம் உட்கார்ந்திருந்தால் ஒரு கூச்சம் வரும் பாருங்கள். எழுந்து எதையாவது துடைப்பேன். கடன் இருக்கும்போது தூக்கம் பாவம் மாதிரித்தான் தெரியும். அது நிஜம், அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது.

ஆனால் ஒன்று செய்து பாருங்கள். உப்புக்குப் பிறகு வந்த தையில், இரண்டு வாரம், ராத்திரி எட்டு முதல் பத்தரை வரை நான் செய்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். எதிரே அதனால் எவ்வளவு காசு வந்தது, அல்லது எவ்வளவு மிச்சமானது. 14 ராத்திரி, 35 மணி நேரம். வசூல் போனது ஆறு நாள், அதில் நாலு நாள் "நாளைக்கு வாங்கம்மா". மற்ற நேரம் முழுக்கக் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் பதில், கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்பது, கழுவின அண்டாவை மறுபடி கழுவுவது. கழுவின அண்டாவை ஒன்பது தடவை மறுபடி கழுவியிருக்கிறேன். எழுதாமல் விட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

விடியற்காலை மூன்று மணி வேலை அப்படி இல்லை, அது இல்லாமல் தொழிலே இல்லை. ஆக, பார்த்த வேலை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. எது அரிசி எது உமி என்று புடைத்துப் பார்க்காமலே சுமந்துகொண்டிருந்தேன்.

அதே நோட்டில் ரிட்டர்ன் கணக்கும் எழுதினேன். நாளைக்குச் சராசரி 18 பாக்கெட் திரும்பி வந்தது. எந்தக் கடை எந்தக் கிழமை என்று பிரித்ததும் பளிச்சென்று தெரிந்தது. புதன்கிழமையும், தூரத்துக் கடை இரண்டும்தான். "குறைவாகப் போட்டால் கடையை விட்டுவிடுவார்கள்" என்ற பயத்தில் அரைத்துக் கொட்டியிருக்கிறேன். அந்த இரண்டு கடைகளை நிறுத்தினேன், புதனன்று அளவைக் குறைத்தேன். ரிட்டர்ன் ஆறாக இறங்கியது. 12 பாக்கெட், தயாரிப்புச் செலவு 28 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 336, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல். அதில்தான் விடியற்காலை மூன்றிலிருந்து ஏழு வரைக்கும் ஒரு ஆளை 8,500 ரூபாய் சம்பளத்தில் சேர்த்தேன். கடனும் அதே தேதியில் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாயிரம் ரூபாய் அத்தனை வருஷமும் என் கண்ணெதிரே சாக்கடையில் போனது. அதைப் பார்க்கத் தெளிவு இல்லாத அளவுக்கு உழைத்துக்கொண்டிருந்தேன்.

23 மார்ச் 2025, ஞாயிறு

தம்பி "சம்பளத்துக்குப் போகிறவர்கள் பேச்சு" என்று எழுதியது இன்னும் உறுத்துகிறது. கோபமாக இல்லை. அந்த வார்த்தைக்குள் ஏதோ இருக்கிறது.

2021ல் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை நினைத்துக் கொண்டுவந்தது. அதைப் படித்த மறுநாளே நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு பேர், நாலு ஸ்டூல். ஐந்தாவது ஸ்டூல் என்ற நினைப்பே வரவில்லை. காலில் நரம்பு சுருண்டு, டாக்டர் "எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க?" என்று கேட்டபோதுதான் யோசித்தேன்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது ஊரே பேசியது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். பெரியக்கா மாவு வழித்துக்கொண்டே "பன்னெண்டு மணி நேரம் மனுசன் நிக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியாதுக்கா" என்று நானும் சொன்னேன். மனசாரச் சொன்னேன். அன்றைக்கு நான் நின்றது பதினாறு.

ஊழியருக்கு வார விடுமுறை தரச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, மேற்பார்க்க அதிகாரி இருக்கிறார். உடையவளுக்கு யார் லீவு தருவது? நானே கேட்டு நானே கொடுத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவளும் கொடுக்கிறவளும் ஒருத்தியே என்பதால்தான் திருடுகிற மாதிரி இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாவது ஸ்டூல் வாங்கிவிட்டேன். பச்சை நிறம். என்னைத் தவிர எல்லோரும் அதில் உட்காருகிறார்கள் என்பது வேறு.

14 மே 2025, புதன்

ஜனவரியில் தனி மடலில் கேட்ட பலருக்கு "புதன்கிழமை மூடிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்" என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

மூடிப் பார்த்தது நிஜம். ஆனால் ஒரு மாதத்தில் இரண்டு கடைகள் வேறு மாவுக்கு மாறிவிட்டன. வியாழக்கிழமை வேலை இரட்டிப்பானது. அதைவிட, புதன்கிழமை வீட்டில் இருந்தபோது நான் இருந்த இருப்பு. பையன் ஒரு நாள் கேட்டான்: "அம்மா, லீவு அன்னைக்கு மட்டும் ஏன் கோவமாவே இருக்கீங்க?" அவனுக்கு ஒன்பது வயது. எனக்குப் பதில் வரவில்லை. கடை பூட்டியிருந்தால் நான் ஓய்வில் இருக்கிறேன் என்று நினைத்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் முறையை மாற்றினேன். புதன்கிழமை கடை திறந்திருக்கும். நான் போக மாட்டேன். அன்று எல்லா முடிவும் பெரியக்கா கையில். எந்தக் கடைக்கு எத்தனை, கரண்ட் போனால் என்ன செய்வது, மாவு பொங்கிவிட்டால் எதை நிறுத்துவது, எல்லாம். உப்பும்.

முதல் புதன் விடியற்காலை மூன்று மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் செய்யவில்லை. ஐந்து மணிக்குப் பெரியக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது, அண்டா நிறைய மாவு. கீழே ஒரு வரியும் இல்லை. அழுதுவிட்டேன்.

முந்தாநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரெல்லாம் விருந்தாளிகள், மாவு கேட்டு அடிதடி. சித்திரை வெயிலில் கிரைண்டர் கல் சூடேறி மாவு சீக்கிரம் பொங்கும், ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் அரைக்க வேண்டும். அந்த மூன்று நாளும் நான் ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தேன். அதைச் சொல்லக் கூச்சம் இல்லை. நடவு நேரத்தில் அப்பாவும் வீடு தங்க மாட்டார். நடவு வருஷம் முழுக்க நடக்காது என்பதுதான் விஷயம்.

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

தக்காளி முறையைப் பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ படிக்கிற காலத்தில் கண்டுபிடித்தது. தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை 25 நிமிடத்துக்குத் திருகி வைத்து வேலை, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு.

மாவு வேலைக்கு ஒத்துவரவில்லை. முழங்கை வரை மாவோடு நிற்கும்போது மணி அடித்தால் கையை எங்கே வைப்பது? ஆனால் கணக்கு வேலைக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது. முன்பு பில் எழுதும்போதே போன், போனுக்கு நடுவே வாட்ஸ்அப், மறுபடி பில். இரண்டு மணி நேரம் இழுக்கும். இப்போது 25 நிமிடம் இரண்டு தடவை, மத்தியானம் மூன்று மணிக்கு, தூங்கி எழுந்து முகம் கழுவிய பிறகு. போன் பக்கத்து அறையில். ராத்திரிக்கு எதுவும் மிச்சமில்லை. உங்கள் வேலை எது, அதில் கை எங்கே கண் எங்கே என்று பார்த்துத்தான் எந்த முறையும் எடுக்க வேண்டும்.

தூங்கி எழுந்து என்று எழுதினேன், கவனித்தீர்களா? போன் வந்தால் "தூங்கிட்டிருந்தேன் அண்ணாச்சி, சொல்லுங்க" என்கிறேன் இப்போது. முதல் தடவை சொன்னபோது அவர் "அப்படியாம்மா, தூங்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

2 அக்டோபர் 2025, விஜயதசமி

ஓசூர்த் தம்பியிடமிருந்து எட்டு மாதம் கழித்துக் கடிதம். ஞாயிறு மூடுகிறாராம். மனசு இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறதாம். ஆனால் ஆபரேட்டர் பையனுக்கு மெஷினில் ஆஃப்செட், அதாவது வெட்டும் அளவைத் திருத்தும் எண், மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டாராம், இதுவரை அதை யாரையும் தொட விட்டதில்லையாம். உங்கள் உப்பு டப்பா அதுதான், தம்பி. மனசு பின்னால் வரும். எனக்கு வர ஒரு வருஷம் பிடித்தது.

நேற்று ஆயுத பூஜை. நாங்கள் விடியற்காலை அரைத்துவிட்டுத்தான் கிரைண்டரைக் கழுவுவோம். கல்லைத் தூக்கி வெளியே வைத்து, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம். ராத்திரி ஊறப்போடவில்லை, இந்த வருஷம் முதல் தடவையாக. விஜயதசமிக்கு மாவு இல்லை என்று எல்லாக் கடைக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டோம். ஒரு அண்ணாச்சி மட்டும் முணுமுணுத்தார். பொரி கடலை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். பெரியக்கா உப்பு டப்பாவுக்கும் ஒரு பொட்டு வைத்தார். நான் பச்சை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எழுப்பிவிட வருவதற்குள் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இன்று ராத்திரி பத்து மணிக்கு அரிசி ஊறப்போட வேண்டும். போடுவது நான் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி மட்டும் இன்னும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. ஞாயிறு ஆர்டர் பெரிது, அதுதான். பதினொன்று, பன்னிரண்டு வரை புரளுகிறேன். அதற்கு ஒரு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.